சொந்த சர்வர்களில் சுழலும் ஐபி ப்ராக்ஸி: எங்கிருந்து தொடங்குவது?

பொள்ளாச்சி_பாலு

வணக்கம் நண்பர்களே. எங்கள் பகுதி உழவர் குழுவுக்காக ஒரு சின்ன செயலி நடத்துகிறோம். தேங்காய், கொப்பரை, மஞ்சள் விலையைத் தினமும் பல தளங்களில் இருந்து எடுத்து ஒரே பக்கத்தில் காட்டும். பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்று ஒரே விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் சர்வர்) ஓடுகிறது. இப்போது சில தளங்கள் 429 என்ற பிழை எண்ணைக் காட்டுகின்றன. இரண்டு தளங்கள் எங்கள் ஐபியையே அடியோடு தடுத்துவிட்டன. வீட்டு இணைப்பில் அதே பக்கம் நன்றாகத் திறக்கிறது.

இன்னொரு தலைவலியும் உண்டு. எங்கள் செயலியே சில வீட்டு இணைப்புகளில் பாதி திறந்து நின்றுவிடுகிறது என்று உறுப்பினர்கள் சொல்கிறார்கள். எனக்கு இங்கே ஒரு குறையும் தெரியவில்லை.

காசு கட்டி வாங்கும் ப்ராக்ஸி (நமக்குப் பதிலாக வேறு ஐபியில் இருந்து பக்கத்தைக் கேட்டுத் தரும் இடையாள்) சேவை வேண்டாம் என்று குழுவில் பேசி முடிவெடுத்துவிட்டோம். கையில் நான்கு விபிஎஸ், உறுப்பினர் வீடுகளில் வைக்க சில ராஸ்ப்பெர்ரி பை சிறு கணினிகள் இருக்கின்றன. ஒவ்வொரு ரெக்வஸ்ட்டும் வேறு வேறு ஐபியில் இருந்து போகிற மாதிரி கட்ட வேண்டும். எப்படி?

திருச்சி_டெவ்

டார் போட்டுவிடுங்கள் பாஸ், பல ரிலேக்கள் வழியாகச் சுற்றி ஐபியை மறைக்கும் வலை. கன்ட்ரோல் போர்ட்டில் நியூநிம் (புது வழி எடு) சிக்னல் கொடுத்தால் பெரும்பாலும் புது ஐபி. செலவே இல்லை.

முத்து_லினக்ஸ்

டார் இதற்குச் சரிவராது. வெளியேறும் ரிலேக்களின் பட்டியலை டார் திட்டமே பொதுவில் வெளியிடுகிறது. தடுக்க நினைக்கும் தளம் அதை இறக்கி வைத்துக்கொண்டால் போதும். தவிர, கண்காணிப்புக்கும் தணிக்கைக்கும் பயந்து வாழ்பவர்களுக்காகத் தன்னார்வலர்கள் தங்கள் செலவில் நடத்தும் வலை அது. அதில் விலைப் பட்டியல் இழுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பாலு, ப்ராக்ஸிக்குப் போகும் முன் இந்த 429ஐப் பேசிவிடலாம். 2012இல் வந்த ஆர்எஃப்சி 6585 என்ற இணையத் தர ஆவணத்தில் அந்த எண்ணுக்குப் பொருள் வரையறுத்திருக்கிறார்கள்: குறிப்பிட்ட நேரத்துக்குள் அளவுக்கு மீறிக் கேட்கிறாய். பதிலோடு ரெட்ரை-ஆஃப்டர் ஹெடர் வருகிறதா பாருங்கள். வந்தால், எத்தனை நொடி கழித்து வரலாம் என்று அந்தத் தளமே சொல்கிறது. விலை நாளுக்கு ஒரு முறை மாறும் பக்கத்தை ஸ்கிரிப்ட் எத்தனை முறை தட்டுகிறது? இஃப்-மாடிஃபைட்-சின்ஸ் ஹெடரோடு கேட்டால், மாறாத பக்கத்துக்கு உடல் இல்லாத 304 பதில்தான் வரும். அவர்களுக்கும் சுமை இல்லை, உங்களுக்கும் டேட்டா மிச்சம்.

அப்புறம், மத்திய அரசின் திறந்த தரவுத் தளம் டேட்டா.ஜிஓவி.இன் இருக்கிறதே, அதில் மண்டி விலைக்கென்றே ஏபிஐ உண்டு. மாநிலம், மாவட்டம், சந்தை, பொருள், ரகம், தேதி, குறைந்த விலை, அதிக விலை, பெரும்பாலும் விற்ற விலை என்று தனித்தனி புலமாகக் கிடைக்கும். கணக்கு தொடங்கினால் இலவசமாகச் சாவி தருவார்கள். எல்லாச் சந்தையும் எல்லா நாளும் இருக்காது, ஆனால் நீங்கள் இழுக்கும் பக்கங்களில் பாதிக்கு மேல் தேவைப்படாமல் போகலாம்.

பொள்ளாச்சி_பாலு

நன்றி முத்து. ஏபிஐ சாவி வாங்கிவிட்டேன், மஞ்சளும் கொப்பரையும் அதிலேயே கிடைக்கின்றன. மீதி சில வியாபாரிகள் சங்கத் தளங்கள் மட்டும்தான். ஆனால் செயலி சில வீடுகளில் திறக்காத பிரச்சினை அப்படியே நிற்கிறது. அதைக் கண்டுபிடிக்கவாவது பல இடங்களில் இருந்து பார்க்கிற வசதி வேண்டும்.

நெட்வொர்க்_நாச்சியார்

இதற்குத்தான் சொந்தமாகக் கட்டும் ப்ராக்ஸி உண்மையில் பயன்படும். விரிவாகவே எழுதுகிறேன், நீளம் என்று தோன்றினால் பிறகு வந்து படியுங்கள்.

நடுவில் ஒரு விபிஎஸ். அதை ஹப் என்று வைத்துக்கொள்வோம். மற்ற விபிஎஸ்களும் வீட்டு ராஸ்ப்பெர்ரி பைகளும் நோடுகள். ஹப்புக்கும் நோடுக்கும் இடையே வயர்கார்டு என்ற விபிஎன் சுரங்கம். 2020 மார்ச்சில் வந்த 5.6 கெர்னலில் இருந்து அது லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது, தனியாக மாட்யூல் கட்ட வேண்டாம்.

வீட்டு நோடில் முதலில் ரூட்டர் பக்கத்தைத் திறந்து வான் ஐபியைப் (இணையப் பக்கம் உள்ள முகவரி) பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்கு, அதாவது இணைய நிறுவனத்தின் முகவரி மாற்றிக்கு, பின்னால் இருக்கிறீர்கள். ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுவதற்காகவே 2012இல் ஒதுக்கிய முகவரித் தொகுதி அது. வெளியில் இருந்து யாரும் உங்கள் பைக்குள் நேரடியாக வர முடியாது, ரூட்டரில் போர்ட் திறந்து வைத்தும் பயனில்லை. அதனால் பைதான் ஹப்பை நோக்கிப் போய்ச் சுரங்கம் திறக்க வேண்டும். கான்ஃபிக்கில் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 என்று போடுங்கள். 25 நொடிக்கு ஒரு சின்ன பாக்கெட் போய்க்கொண்டே இருந்தால், அந்த முகவரி மாற்றி (நாட்) தன் அட்டவணையில் இருந்து உங்களை நீக்காது.

பையின் பக்கம் அலவுட் ஐபிஸ் (சுரங்கத்துக்குள் எந்த முகவரிகள் போகலாம்) என்ற வரியில் ஹப்பின் சுரங்க முகவரி ஒன்றை மட்டும் /32 ஆகக் கொடுங்கள். 0.0.0.0/0 கொடுத்தால் பையின் போக்குவரத்து மொத்தமும் ஹப்புக்குள் திரும்பி, வீட்டு ஐபியில் இருந்து வெளியேறுவதற்குப் பதில் ஹப் ஐபியில் இருந்தே வெளியேறும். வீட்டில் பை வைத்ததற்கே அர்த்தமில்லாமல் போய்விடும்.

ஒவ்வொரு நோடிலும் ஸ்குவிட் என்ற ப்ராக்ஸி மென்பொருள் போதும். அது சுரங்க முகவரியில் மட்டும் கேட்க வேண்டும், எல்லா இடைமுகத்திலும் கேட்கக் கூடாது. 3128, 1080, 8080 ஆகிய போர்ட்களை இணையம் முழுக்க ஸ்கேனர்கள் இடைவிடாமல் தட்டிக்கொண்டே இருக்கின்றன. திறந்து கிடக்கும் ப்ராக்ஸி அவர்கள் கண்ணில் பட நேரம் பிடிக்காது. பட்டுவிட்டால் ஸ்பாம் முதல் கடவுச்சொல் திருட்டு வரை உங்கள் ஐபியில் இருந்து போகும்.

ஹப்பில், இணைப்புகளை நோடுகளுக்குப் பங்கிட ஹெச்ஏப்ராக்ஸி, டிசிபி மோடில். என் வழக்கம்: 10000ஆம் போர்ட் சுழற்சிக்கு, பின்னால் எல்லா நோடும் ரவுண்ட்ராபினில் (முறை வைத்து ஒன்றன்பின் ஒன்றாக). 10001 முதல் நோடுக்கு மட்டும், 10002 இரண்டாம் நோடுக்கு மட்டும், இப்படியே. உங்கள் இரண்டாவது பிரச்சினைக்குச் சுழற்சி உதவவே உதவாது. "இந்த வீட்டில் இருந்து பார், அந்த வீட்டில் இருந்து பார்" என்று குறிவைத்துக் கேட்கத் தெரிய வேண்டும். நடைமுறையில் 10000ஐ விட மற்ற போர்ட்களைத்தான் நீங்கள் அதிகம் தொடப்போகிறீர்கள்.

நோடு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ஹெல்த் செக்குக்கு வெறும் டிசிபி சோதனை போதாது. ஸ்குவிட் கதவு திறந்திருக்கும், ஆனால் அந்த வீட்டில் இணையம் செத்திருக்கும். ஹப்பில் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் வைத்து, வந்தவரின் ஐபியை மட்டும் திருப்பிச் சொல்லும் பக்கம் ஒன்று போடுங்கள். நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு நோடு வழியாகவும் அந்தப் பக்கத்தைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் ஹெச்ஏப்ராக்ஸியின் ரன்டைம் சாக்கெட் வழியாக அந்த நோடை மெயின்ட் (பராமரிப்பு) நிலைக்குத் தள்ளிவிடலாம். வீட்டு ஐபி எப்போது மாறுகிறது என்ற வரலாறும் கூடவே கிடைக்கும்.

திருச்சி_டெவ்

அக்கா, இதே அமைப்பைப் போட்டுப் பார்த்தேன். 10000 போர்ட்டில் கேட்டாலும் ஐபி மாறவே இல்லை. ஐம்பது ரெக்வஸ்ட்டும் ஒரே நோடு வழியாகப் போகிறது. ரவுண்ட்ராபின் என்றுதான் கான்ஃபிக்கில் இருக்கிறது.

நெட்வொர்க்_நாச்சியார்

பைத்தானின் ரெக்வஸ்ட்ஸ் நூலகத்தில் செஷன் பயன்படுத்துகிறீர்களா? டிசிபி மோடில் ஹெச்ஏப்ராக்ஸி பார்ப்பது இணைப்பை மட்டும். புது இணைப்பு வந்தால் அடுத்த நோடு, பழைய இணைப்பு தொடர்ந்தால் பழைய நோடு. ஹெச்டிடிபிஎஸ் தளத்துக்கு உங்கள் ஸ்கிரிப்ட் கனெக்ட் என்று சொல்லி ஒரு சுரங்கம் திறக்கும். செஷன் அதை மூடாமல் வைத்துக்கொண்டு எல்லாக் கோரிக்கையையும் அதற்குள்ளேயே அனுப்பும். உள்ளே என்ன போகிறது என்று ஹப்புக்கும் தெரியாது, நோடுக்கும் தெரியாது. மாற வேண்டும் என்றால் ஒவ்வொரு முறையும் புதுச் செஷன் திறங்கள்.

ஆனால் லாகின் அல்லது குக்கி உள்ள தளத்தில் அப்படிச் செய்யாதீர்கள். ஒரே குக்கி சேலத்தில் இருந்தும் அடுத்த நொடி ஃபிராங்ஃபர்ட்டில் இருந்தும் வந்தால் எந்தத் தளமும் சந்தேகப்படும். ஒரு வேலை முடியும் வரை ஒரே நோடு.

வைகைக்கரை

இவ்வளவு நோடு எதற்கு? என் விபிஎஸ்ஸுக்கு ஐபிவி6இல் (புதுத் தலைமுறை ஐபி முகவரி) /64 தொகுதி கொடுத்திருக்கிறார்கள். இரண்டின் 64ஆம் அடுக்கு, அதாவது 1.8 லட்சம் கோடி கோடிக்கும் மேல்... சரியாகச் சொன்னால் 18க்குப் பின் 18 பூஜ்யம் போடுகிற அளவு முகவரிகள். லோ இடைமுகத்தில் மொத்த /64ஐயும் லோக்கல் ரூட்டாகச் சேர்த்து, நான்லோக்கல் பைண்ட்டை இயக்கினால், ஒவ்வொரு இணைப்புக்கும் எந்த முகவரியை வேண்டுமானாலும் மூலமாக எடுக்கலாம். ஒரே சர்வரில் முடிந்துவிடுகிறதே.

முத்து_லினக்ஸ்

தொழில்நுட்பமாகச் சரி. /64 உங்கள் சர்வருக்கே ரூட் ஆகாமல் சுவிட்சில் நின்றால் அந்த முகவரிகளுக்காகப் பதில் சொல்லும் என்டிபிபிடி மாதிரி ஒன்றும் கூடவே வேண்டும். ஆனால் ஐபிவி6இல் எண்ணிக்கை வைக்கும் தளங்கள் பொதுவாகத் தனி முகவரியைப் பார்ப்பதில்லை, /64 முழுவதையும் ஒரே ஆளாகத்தான் எடுத்துக்கொள்ளும். அத்தனை முகவரியும் சேர்ந்து ஒன்று. தவிர, ஐபிவி6ஏ இல்லாத தளங்கள் இன்னும் நிறைய.

ஐபிவி4இல் புது முகவரி வாங்குவதும் முன்னைப் போல இல்லை. நம் ஆசிய பசிபிக் பகுதிக்கு முகவரி ஒதுக்கும் ஏபிநிக் 2011 ஏப்ரல் 15 அன்றே கையிருப்பின் கடைசித் தொகுதிக்கு (/8) வந்துவிட்டது. 2024 பிப்ரவரி முதல் அமேசான் வெப் சர்வீசஸ் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது. மாதத்துக்கு ஏறக்குறைய 3.6 டாலர். பத்து முகவரி வைத்தால் குழுவின் சந்தா அதிலேயே போய்விடும்.

ஒரு தளம் முதலில் பார்ப்பது அந்த ஐபி எந்த ஏஎஸ்என்னை, அதாவது எந்த நிறுவனத்தின் வலை எண்ணை, சேர்ந்தது என்பதை. டேட்டா சென்டர் ஏஎஸ்என் என்றால் சில தளங்கள் கேள்வியே கேட்காமல் மூடிவிடும். பாலுவின் விபிஎஸ்ஸைத் தடுத்த அந்த இரண்டு தளமும் இதே காரணத்தால் இருக்கலாம். அங்கே சர்வர் எண்ணிக்கையைக் கூட்டிப் பயன் கிடையாது. அந்தச் சங்கங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, யார், எதற்கு, நாளுக்கு எத்தனை முறை என்று சொல்லிக் கேட்டுப் பாருங்கள் பாலு. உழவர் குழு என்று தெரிந்தால் கோப்பாகவே அனுப்பினாலும் அனுப்புவார்கள்.

வைகைக்கரை

> கேட்டுப் பாருங்கள்

பொதுவில் வைத்த விலையை எடுக்க எதற்கு அனுமதி? அமெரிக்காவிலேயே லிங்க்ட்இன் வழக்கில் பொதுத் தரவை எடுப்பது குற்றமில்லை என்று தீர்ப்பு வந்ததே.

முத்து_லினக்ஸ்

லிங்க்ட்இன் மீது ஹைக்யூ என்ற தரவு நிறுவனம் போட்ட வழக்கு. 2022 ஏப்ரலில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது, பொதுவில் திறந்து கிடக்கும் பக்கத்தை எடுப்பது அவர்களின் கணினி ஊடுருவல் சட்டத்தை மீறியதாக இராது என்ற அளவில்தான். அதே ஆண்டு கீழ் நீதிமன்றத்தில் பயனர் ஒப்பந்தத்தை மீறிய விஷயத்தில் ஹைக்யூவுக்கு எதிராகப் போய், கடைசியில் சமரசத்தில் முடிந்தது. அது அமெரிக்கச் சட்டம். இங்கே தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவு உரிமையாளர் அனுமதி என்ற அடிப்படையில் பேசுகிறது, சேவையை முடக்குவதையும் அதே பிரிவு தனியாகச் சொல்கிறது.

எனக்குச் சட்டத்தை விட அந்தச் சர்வர்தான் கண்ணில் நிற்கிறது. ஒரு வியாபாரிகள் சங்கத்தின் தளம் பெரும்பாலும் பகிர்ந்த ஹோஸ்டிங்கில், மிகக் குறைந்த நினைவகத்தில் ஓடும். இருபது ஐபியில் இருந்து ஒரே நேரத்தில் கேட்டால் காலையில் விலை பார்க்க வரும் வியாபாரிக்குப் பக்கம் திறக்காது. அவர் தொழில் அது. ஆகவே, வேகத்துக்கான கணக்கு ஹப்பில், தளத்தின் பெயருக்கு இருக்க வேண்டும். எத்தனை நோடு இருந்தாலும் ஒரு தளத்துக்கு மொத்தமாக இத்தனை நொடிக்கு ஒரு கோரிக்கை. நோடு கூடினால் வேகமும் கூடும் என்று எழுதப்பட்ட ஸ்கிரிப்டை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். எந்தப் பக்கங்களைத் தானியங்கிகள் தொடக் கூடாது என்று தளம் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பையும் படித்து மதியுங்கள். 1994இல் இருந்து வழக்கத்தில் இருக்கிறது, 2022இல் ஆர்எஃப்சி 9309 ஆக முறைப்படி வந்தும்விட்டது.

வைகைக்கரை

தளத்துக்கு மொத்த வரம்பு என்பது சரி, ஒத்துக்கொள்கிறேன். அனுமதி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

ஈரோடு_ஈஸ்வரி

நான் பாலு அண்ணாவின் குழுவில் உறுப்பினர், எங்கள் வீட்டில் பை வைக்கக் கேட்டிருக்கிறார். எனக்கு நெட்வொர்க் அதிகம் தெரியாது. எங்கள் வீட்டு இணைப்பு வழியாக யாரோ எதையோ செய்து, நாளை விசாரணை என்று எங்கள் வீட்டு வாசலில் யாராவது வந்து நின்றால்?

நெட்வொர்க்_நாச்சியார்

ஈஸ்வரி, இதைக் கேட்காமல் யாரும் தங்கள் வீட்டில் நோடு வைக்கக் கூடாது. வெளியில் தெரிவது உங்கள் வீட்டு ஐபி. கேள்வி வந்தால் முதலில் உங்களிடம்தான் வரும்.

இந்தப் பயம் கற்பனை இல்லை. இலவச விபிஎன் என்று நம்பி மென்பொருளை நிறுவியவர்களின் கணினிகளைப் ப்ராக்ஸியாக மாற்றி விற்ற 911 எஸ்5 என்ற வலையை 2024 மேயில் அமெரிக்க நீதித்துறை முடக்கியது. கிட்டத்தட்ட 200 நாடுகளில் 1.9 கோடிக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள். அந்த முகவரிகள் வழியாக மோசடி நடந்துகொண்டிருந்தது, வீட்டுக்காரர்களுக்குத் தெரியவே தெரியாது. வீட்டு ஐபி ப்ராக்ஸி என்று மலிவாக விற்பவர்களிடம் "இந்த முகவரிகள் எப்படிக் கிடைத்தன" என்று நான் எப்போதும் கேட்பது இதனால்தான். பாலு காசு கட்டி வாங்க வேண்டாம் என்று முடிவெடுத்தது எனக்குப் பிடித்திருந்தது.

பை வைக்கும் முன் பாலுவிடம் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை: உங்கள் வீட்டு நோடு வழியாக எந்தத் தளங்களுக்குப் போகலாம் என்ற பட்டியல். ஸ்குவிட்டில் அந்தப் பெயர்கள் தவிர மற்ற எல்லாம் மறுப்பு என்று எழுத ஒரு சில வரிதான் ஆகும். அப்புறம், வீட்டின் உள் முகவரிகளுக்கு, அதாவது 192.168, 10, 172.16 முதல் 172.31 வரை, ப்ராக்ஸி போகவே கூடாது. இல்லாவிட்டால் ஹப்பைக் கைப்பற்றியவர் உங்கள் வீட்டு கேமராவையும் ரூட்டர் பக்கத்தையும் தொடலாம். (விபிஎஸ் நோடுகளில் 169.254.169.254ஐயும் தடுங்கள் பாலு. கிளவுட் சாவிகள் அந்த முகவரியில்தான் கிடைக்கும்.) எந்த நேரம், எந்த நோடு, எந்தத் தளம் என்ற லாக் ஹப்பில் இருக்க வேண்டும், நீங்கள் கேட்டால் காட்ட வேண்டும். உங்கள் இணைய நிறுவனத்தின் விதிகளையும் ஒரு முறை படியுங்கள், வீட்டு இணைப்பைப் பிறருக்குப் பகிரக் கூடாது என்று சிலவற்றில் இருக்கும். பிடிக்காவிட்டால் பையின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், யாரையும் கேட்க வேண்டாம். ஹெல்த் செக் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

லாக் எத்தனை நாள் என்றால், இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று விட்ட உத்தரவில் நிறுவனங்களுக்கு 180 நாள் என்று இருக்கிறது. நீங்களும் அதையே வைத்துக்கொள்ளலாம். கடிகாரம் தவறாக ஓடினால் லாக்கால் பயனில்லை. அதே உத்தரவு நிக் (தேசிய தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வரோடு கடிகாரத்தைப் பொருத்தச் சொல்கிறது.

ஈரோடு_ஈஸ்வரி

பட்டியல் வந்தது, ஆறு தளங்கள்தான். பையை இன்று மாட்டுகிறோம். நன்றி அக்கா.

பொள்ளாச்சி_பாலு

நோடுகள் ஓடுகின்றன. சங்கங்களில் ஒன்று மின்னஞ்சலுக்குப் பதில் போட்டுவிட்டது, தினமும் காலையில் விலைக் கோப்பு அனுப்புகிறார்கள்.

இப்போது செயலி விஷயம். ஈஸ்வரி வீட்டு நோடு வழியாக எங்கள் தளத்தைக் கேட்டால் ஐபி காட்டும் பக்கம் உடனே வருகிறது. முகப்புப் பக்கம் பாதியில் தொங்குகிறது. இன்னொரு வீட்டிலும் இப்படியே. மற்ற வீடுகளிலும் எல்லா விபிஎஸ்ஸிலும் சரியாக இருக்கிறது. தொங்கும் இரண்டு வீட்டிலும் பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் வகை) இணைப்பு.

நெட்வொர்க்_நாச்சியார்

சின்னது வருகிறது, பெரியது தொங்குகிறது, பிபிபிஓஇ. எம்டியுவைத்தான் (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) முதலில் பார்ப்பேன். பிபிபிஓஇயில் பாக்கெட் அளவு 1500க்குப் பதில் 1492 பைட்.

முதலில் சுரங்கத்தைச் சந்தேகத்தில் இருந்து விலக்குங்கள். வயர்கார்டின் இயல்பான எம்டியு 1420. பை ஹப்பை ஐபிவி6இல் தொட்டால் மேலுறை 80 பைட், மொத்தம் 1500, அது 1492க்குள் நுழையாது. அந்த இரண்டு பையிலும் எம்டியுவை 1412 ஆக்குங்கள். பிறகு சுரங்கத்தை விட்டுவிட்டு, பைக்குள் எஸ்எஸ்ஹெச் போய், அங்கிருந்தே கர்ல் கட்டளை வைத்து முகப்பைக் கேளுங்கள். ஒரு முறை -4 (ஐபிவி4 மட்டும்), ஒரு முறை -6 (ஐபிவி6 மட்டும்).

பொள்ளாச்சி_பாலு

1412 ஆக்கியும் மாற்றம் இல்லை. பைக்குள்ளிருந்து -4 கொடுத்தால் முழுப் பக்கமும் வருகிறது. -6 கொடுத்தால் தொங்குகிறது. இரண்டு வீட்டிலும் அச்சு அசலாக இதேதான்.

நெட்வொர்க்_நாச்சியார்

அப்படியானால் உங்கள் செயலி சர்வரின் ஃபயர்வாலைத் திறந்து பாருங்கள். ஐசிஎம்பிவி6 (ஐபிவி6இன் பிழை, தகவல் செய்திகள்) மொத்தமாக டிராப் ஆகிறதா?

ஐபிவி6இல் நடுவில் உள்ள ரூட்டர் பாக்கெட்டை உடைக்காது. பெரிதாக இருந்தால் "பாக்கெட் டூ பிக்" என்று அனுப்பியவருக்குத் திருப்பிச் சொல்லும். உங்கள் ஃபயர்வால் அதைத் தூக்கிப் போட்டால், சர்வர் திரும்பத் திரும்ப அதே 1500 பைட் பாக்கெட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஐபிவி4இல் பல ரூட்டர்கள் எம்எஸ்எஸ்ஸைத் (டிசிபி துண்டின் உச்ச அளவு) தாமாகவே குறைத்துவிடுவதால் அங்கே தப்பித்துவிடுகிறது. இந்தச் செய்தியைத் தடுக்கவே கூடாது என்று 2007இல் வந்த ஆர்எஃப்சி 4890 வெளிப்படையாகச் சொல்கிறது.

பொள்ளாச்சி_பாலு

இருந்தது! பழைய டெம்ப்ளேட்டில் ஐசிஎம்பிவி6 டிராப் என்று ஒரு வரி. டூ பிக்கையும் மற்ற பிழைச் செய்திகளையும் அனுமதித்தேன். இரண்டு வீட்டிலும் -6இல் முகப்பு உடனே வருகிறது. உறுப்பினர்களுக்கும் தகவல் அனுப்பிவிட்டேன், திறக்கிறது என்று பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. ரொம்ப நன்றி அக்கா, முத்து, எல்லாருக்கும்.

முத்து_லினக்ஸ்

அருமை. ஹெல்த் செக்கில் ஐபி காட்டும் அந்தச் சின்னப் பக்கத்தோடு 100 கேபி கோப்பு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் பாலு, -4இலும் -6இலும் தனித்தனியாக. ப்ராக்ஸிக்குள் போகாமல் பையிலேயே ஒரு கிரான் (நேரம் வைத்துத் தானே ஓடும் பணி) வைத்து ஓடவிட்டு, முடிவை மட்டும் ஹப்புக்கு அனுப்பினால் போதும்.